21 நாள் நீச்சல் கற்ற பையனைக் கடலில் இறக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஈரோட்டில் இருக்கிறோம். மே விடுமுறையில் கொழுந்தனார் குடும்பத்தோடு சேர்ந்து மாமல்லபுரம், புதுச்சேரி என்று 4 நாள் பயணம். மொத்தம் 11 பேர், அதில் 5 பேர் குழந்தைகள். என் பையனுக்கு 10 வயது. போன கோடையில் 21 நாள் நீச்சல் வகுப்புக்குப் போனான். குளத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுவான். பெண்ணுக்கு 6 வயது, நீச்சல் தெரியாது. அவளுக்காகக் காற்றடைக்கும் டியூபும் கையில் மாட்டும் மிதவையும் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறேன். என் கணவர் கொடிவேரியிலும் வாய்க்காலிலும் குதித்து வளர்ந்தவர். “நான் இருக்கேன், பயப்படாதே” என்கிறார். மாமியாரோ, பையனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜோசியர் சொல்லியிருப்பதால் கடல் பக்கமே போகக்கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? - ஒரு வாசகி, ஈரோடு.

அன்புள்ள சகோதரி,

ஜோசியம் எனக்குத் தெரியாது. 26 வருடமாகக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், நீந்தத் தெரியாத எல்லோருக்குமே தண்ணீரில் கண்டம்தான். ஆகவே மாமியார் சொல்வதில் பாதி சரி. உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி சரி. எந்தப் பாதி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பெண்ணைவிடப் பையனை நினைத்துத்தான் கவலை வந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது 11 பேருக்கும் தெரியும். யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். பையன் விஷயத்தில், “அவனுக்குத்தான் நீச்சல் தெரியுமே” என்ற நினைப்பு எல்லோர் மனதிலும் உட்கார்ந்துகொள்ளும். பார்வை தளரும். அவனும் தெரியும் என்ற தைரியத்தில் இரண்டடி கூடுதலாக உள்ளே போவான். அரைகுறையாக நீந்தத் தெரிந்த குழந்தைகள்தான் என் தொழிலில் என்னை அதிகம் பயமுறுத்துகிறவர்கள்.

21 நாள் வகுப்பை நானும் நடத்துகிறேன், அதனால் அதன் லட்சணம் எனக்குத் தெரியும். பையன் சுவரை உதைத்துக் கிளம்புகிறான். அந்த உதையிலேயே 3, 4 மீட்டர் ஓடிவிடுகிறது. கண்ணில் கண்ணாடி. தரையில் போட்டிருக்கும் கருப்புக் கோடு தெளிவாகத் தெரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போகிறான். மூச்சு வாங்கினால் பக்கத்துக் கயிறு இருக்கிறது. பாதியில் நின்றால் காலுக்குத் தரை கிடைக்கிறது. எதிர்ச்சுவரைத் தொட்டதும் அம்மா கை தட்டுகிறாள், நான் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறேன். கடலில் உதைக்கச் சுவர் கிடையாது, கோடு கிடையாது, கயிறு கிடையாது. கலங்கல் தண்ணீரில் கண்ணாடி போட்டும் பயனில்லை. மூச்சு எடுக்க வாயைத் திறக்கிற நேரம் பார்த்து அலை முகத்தில் அறையும். உப்புத் தண்ணீரில் உடம்பு சற்றே கூடுதலாக மிதக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகையை முதல் அலையே பிடுங்கிக்கொள்ளும்.

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பழைய குளத்துக்கே கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடி வேண்டாம். அரைக்கால் சட்டையும் டீ-சர்ட்டும் போட்டுக்கொள்ளட்டும். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, தலைக்கு மேல் ஆழமுள்ள பக்கத்தில் குதிக்கச் சொல்லுங்கள். தானாக மேலே வர வேண்டும். வந்து ஒரு நிமிடம் அங்கேயே மிதக்க வேண்டும், மல்லாந்து மிதந்தாலும் சரி. பிறகு ஒரு சுற்றுத் திரும்பி எந்தப் பக்கம் ஏறலாம் என்று தேடி, 25 மீட்டர் நீந்தி, ஏணியைத் தொடாமல் கையை ஊன்றி மேலே ஏற வேண்டும். ஐந்தையும் நிறுத்தாமல் செய்தால் அவனுக்கு நீச்சல் தெரியும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். 21 நாள் பையன்களில் பெரும்பாலானவர்கள் அந்த ஒரு நிமிட மிதப்பிலேயே தடுமாறிவிடுவார்கள். உங்கள் பையனும் தடுமாறினால் திட்டாதீர்கள், நீச்சல் தெரியாதவர்கள் கணக்கில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அக்கா மகளுக்கு அப்போது 8 வயது, என்னிடமே நீச்சல் கற்றவள். சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். நான் அவளுக்கு மூன்று எட்டு பின்னால். சுண்டல்காரப் பையனிடம் மீதிச் சில்லறை வாங்கி எண்ணிக்கொண்டிருந்தேன். அலை வந்து போனால் குதிகாலுக்கு அடியில் மண் கரைந்து ஓடும் பாருங்கள், குறுகுறுவென்று இருக்கும், குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு அது கொஞ்சம் அதிகமாகக் கரைந்துவிட்டது. மல்லாக்க விழுந்தாள், திரும்பிப் போகிற தண்ணீர் அவளைச் சரிவில் இழுத்தது, அடுத்த அலை மேலே மூடியது. நான் நிமிர்ந்து பார்த்தபோது ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. பிடித்து இழுத்துவிட்டேன். வாய் நிறைய மண். எல்லாம் சேர்த்து 10 நொடி இருந்தால் அதிகம்.

அழுகை ஓய்ந்த பிறகு, “ஏன்டா கத்தலை?” என்று கேட்டேன். “வாயைத் திறந்தா தண்ணி வருதே மாமா” என்றாள்.

மூழ்குகிறவர்கள் கையை ஆட்டி, “காப்பாத்துங்க” என்று கத்துவது சினிமாவில்தான். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மூழ்குகிறவரின் வாய் தண்ணீருக்கு மேலே வந்து வந்து மறைகிறது. மூச்சு விட்டு வாங்கவே நேரம் போதாது, கத்த ஏது நேரம்? கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், ஆட்டிக் காட்ட முடியாது. 20 முதல் 60 நொடிகளுக்குள் ஆள் உள்ளே போய்விடுகிறார். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, முடி நெற்றியில் ஒட்டி, கண் எங்கோ வெறித்தபடி ஒரு குழந்தை சத்தமில்லாமல் இருந்தால் அது விளையாட்டல்ல. கூச்சல் போட்டு விளையாடுகிற குழந்தை நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். கூச்சல் நின்றால் ஓடுங்கள்.

இப்போது உங்கள் கணவரிடம் வருகிறேன். வாய்க்காலில் வளர்ந்தவருக்குக் குளத்தில் கற்றவரைவிடத் தண்ணீரைப் பற்றி ஒரு விஷயம் கூடுதலாகத் தெரியும். ஓடுகிற தண்ணீரை எதிர்த்து நீந்தினால் ஆள் காலி. தண்ணீர் போகிற போக்கில் குறுக்கே சாய்ந்து போய், நாலு வயல் தள்ளியாவது கரையைப் பிடித்துவிட வேண்டும். கடலிலும் விதி அதுதான், கரை இருக்கிற திசைதான் வேறு. வாய்க்காலில் தண்ணீர் கரையோரமாகவே ஓடுகிறது. கடலில் ஆளைக் கொல்லும் ஓட்டம் கரைக்கு முதுகைக் காட்டி நேராக உள்ளே ஓடுகிறது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியும் திரும்பிப் போக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் கிடைத்தால் அதன் வழியாக ஆற்றைப் போல மொத்தமாகப் பாய்ந்து வெளியேறும். சில நேரம் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். 50 மீட்டரை 21 நொடியில் நீந்துகிற ஒலிம்பிக் வீரரின் வேகம் அது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவர் நின்ற இடத்திலேயே களைத்துப் போவார்.

இதில் விபரீதம் என்னவென்றால், அந்த இடம் பார்க்க அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடையும். நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், நிறம் சற்று அடர்ந்து, நுரையோ குப்பையோ கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். குழந்தையோடு வருகிறவர்கள், “இங்கே அலை கம்மியா இருக்கு” என்று தேடிப் போய் அங்கேதான் இறக்குவார்கள். இறங்குமுன் பத்து நிமிடம் கரையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டால் அந்த ஓட்டம் ஆளை அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்டலாம். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அலையோடு சேர்ந்து கரைக்கு வரலாம். கரையோர நீரோட்டத்தை நம் மீனவர்கள் நீவாடு என்பார்கள். “இன்னைக்கு நீவாடு எப்படிண்ணே?” என்று வலை உலர்த்துகிறவரிடம் கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வானம் தெளிவாக இருப்பதை வைத்துக் கடலை எடை போடவும் முடியாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தது நினைவிருக்கலாம். எல்லோரும் வளர்ந்தவர்கள். அன்றைக்குக் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை இருந்தது. தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்காற்று எழுப்பும் அலை நாட்கணக்கில் பயணம் செய்து வந்து, இங்கே காற்றோ மழையோ இல்லாதபோது கரையில் ஏறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கள்ளன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். இதற்கான முன்னெச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (INCOIS) வெளியிடுகிறது, தொலைக்காட்சியிலும் வரும். மே மாதம் போகிறீர்கள் அல்லவா, தினமும் காலையில் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கோயிலும் சிற்பமும்தான்.

இடத்தைப் பற்றி. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை ஒட்டிய பகுதியில் தண்ணீருக்கு அடியில் பாறைகள் இருக்கின்றன. அங்கே கால் நனைப்பதோடு சரி. புதுச்சேரியில் கடற்கரைச் சாலை ஓரமாகக் கொட்டியிருக்கும் கருங்கற்களில் குழந்தைகளை ஏறவிடாதீர்கள், பாசி வழுக்கும். சுண்ணாம்பாறு மாதிரி ஆறு கடலில் சேரும் முகத்துவாரங்களும், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்சுவர்களின் ஓரமும் நீரோட்டம் சுழித்து இழுக்கிற இடங்கள், கிட்டவே போக வேண்டாம். சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள கோவளமும், புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரையும் சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-இல் வாங்கியவை. உயிர்காப்பாளர் இருக்க வேண்டும் என்பது அந்தச் சான்றுக்கு ஒரு நிபந்தனை. குளிப்பதென்றால் இப்படி ஓர் இடத்துக்குப் போங்கள். அங்கும் உயிர்காப்பாளர் நிற்கிறாரா என்று கண்ணால் பார்த்த பிறகு இறங்குங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும். வெறும் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது.

சரி, இறங்கினால் எவ்வளவு ஆழம்? பெண்ணுக்கு அவள் முழங்கால். கை உங்கள் கையில் இருக்க வேண்டும். பையன் குளத்துத் தேர்வில் தேறியிருந்தால் அவன் இடுப்பு வரை (அப்பாவின் இடுப்பு அல்ல), தேறாவிட்டால் அவனுக்கும் முழங்கால்தான். இரண்டிலும் பெரியவர் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், குழந்தைக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். யாரும் கடலுக்கு முதுகு காட்டக்கூடாது, செல்ஃபிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உடுப்பு ஆரஞ்சு, இளஞ்சிவப்பு மாதிரி கண்ணைப் பறிக்கும் நிறமாக இருக்கட்டும். வெள்ளையும் வெளிர்நீலமும் தண்ணீருக்குள் போனால் தெரியாது.

நீங்கள் வாங்கிய டியூபையும் கை மிதவையையும் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அவை விளையாட்டுச் சாமான்கள். நம் கிழக்குக் கடற்கரையில் மே மாதக் காலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலுக்கு வீசும். மதியம்தான் கடற்காற்று திரும்பும். காலை இளவெயிலில் டியூபில் உட்கார்ந்த குழந்தையைக் காற்று பாய்மரம் மாதிரித் தள்ளிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். ஓடிப் பிடிப்பதற்குள் கழுத்தளவுத் தண்ணீர் வந்துவிட்டது. அலை கவிழ்த்துவிட்டால் தலை கீழே, கால் மேலே. கை மிதவையோ நழுவிவிடும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் உயிர்காப்பு உடுப்பு, அதாவது லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். அதில் எத்தனை கிலோ எடைக்கு என்று அச்சிட்டிருக்கும். வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். எவ்வளவு விசையோடு மிதக்கவைக்கும் என்பதை நியூட்டன் கணக்கில் போட்டிருப்பார்கள். ‘50 நியூட்டன்’ என்று போட்டிருப்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கு. உங்கள் பெண்ணுக்கு ‘100 நியூட்டன்’ வகை, கழுத்துப்பட்டையோடு, காலிடுக்கு வழியாக வரும் வாரும் உள்ளதாக வேண்டும். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மோவாயும் காதும் உள்ளே புதைந்தால் அது பெரிய அளவு. படகுச் சவாரிக்குப் போகும்போதும் இதையே போடுங்கள். அங்கே கொடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள் அளவில்தான் இருக்கும். ஜாக்கெட் போட்டுவிட்டோம் என்று ஆழத்துக்கு அனுப்பாதீர்கள், முழங்கால் கணக்கு அப்படியேதான்.

உங்கள் கடிதத்தில் என்னை இன்னொன்றும் உறுத்தியது, அந்த 11 பேர். கல்யாண வீட்டில் எல்லோரும் இருக்கும்போதுதான் குழந்தை தொலையும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். என் மாணவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும்போது ஒரு சிவப்புத் துண்டு வைத்திருப்பேன். துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் காவல். 15 நிமிடம், அவ்வளவுதான். அதற்கு மேல் கண் மேயத் தொடங்கும். அந்த 15 நிமிடம் போன் கிடையாது, பேச்சு கிடையாது, சுண்டல் கிடையாது. துண்டை அடுத்தவர் தோளில் போட்டு, “இனி நீ” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நகரலாம். பீர் குடித்தவர் தோளில் துண்டு ஏறக்கூடாது, அது கொழுந்தனாராகவே இருந்தாலும். விடுதியில் நீச்சல்குளம் இருந்தால் அங்கும் இதே துண்டு. அறையில் எல்லோரும் சாமான் பிரிக்கிற முதல் அரை மணி நேரத்தில்தான் சின்னக் குழந்தை குளத்தைத் தேடிப் போகும்.

ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் கணவர் வெறுங்கையோடு குதிக்கக்கூடாது. மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு ஏறப் பார்ப்பார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன செய்தியை வருடா வருடம் படிக்கிறோம். 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு இறுக மூடுங்கள். அந்தக் கனம் இருந்தால்தான் காற்றை மீறிப் பறக்கும். கைப்பிடியில் 15 மீட்டர் கொடிக்கயிறு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கரையிலிருந்து வீசலாம். வீட்டு வாசலில் நாலு தடவை வீசிப் பழகட்டும், கேன் நேராகப் போகப் பழக்கம் வேண்டும்.

வெளியே எடுத்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது, தலையில் வைத்துச் சுற்றுவது எதுவும் வேண்டாம். அந்த நிமிடங்களை வீணாக்கக்கூடாது. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மோவாயை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்பும்படி முதலில் 2 முதல் 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி, உதவி வரும்வரை நிறுத்தாமல். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். எழுத்தில் படித்து இது கைக்கு வராது. ஈரோட்டிலேயே முதலுதவிப் பயிற்சி நடத்தும் இடத்தில் ஒரு நாள் நீங்களும் கணவரும் போய் வாருங்கள். தண்ணீர் குடித்துப் பிழைத்த குழந்தை எழுந்து ஓடி விளையாடினாலும் அன்று முழுக்கக் கவனியுங்கள். இருமல் நிற்காவிட்டால், மூச்சு வாங்கினால், அசாதாரணமாகத் தூங்கி வழிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அப்புறம், மாமியாரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் கடலைப் பார்த்து நிஜமாகவே பயப்படுகிற ஆள் அவர் ஒருவர்தான். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் விசிலை மாட்டிவிடுங்கள். துண்டுக்காரர் தண்ணீருக்குள் நிற்கட்டும், இவர் கரையிலிருந்து 5 தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கட்டும். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் நீளமாக ஓர் ஊதல். ஊதல் கேட்டால் எல்லோரும், உங்கள் கணவர் உட்பட, மறுபேச்சில்லாமல் கரைக்கு வந்துவிட வேண்டும். சும்மா ஊதிவிட்டாரே என்று யாரும் சிரிக்கக்கூடாது, சிரித்தால் அடுத்த முறை ஊத யோசிப்பார்.